கைப்பட்டையும் காப்பும்

செம்மண்மேட்டுத் தோட்டத்தில் தங்கராஜுவைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. பிடித்தவர்களும் கிடையாது. அவன் பார்த்த வேலை அப்படி. மலாயாவில் லாபுவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், ஆபீசுக்கு முன்னால் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். விடியுமுன் அதை இரும்புக் கம்பியால் அடித்து, பால் வெட்டுகிறவர்களைப் பெரட்டுக்கு எழுப்புவதுதான் அவன் உத்தியோகம். பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. ஆகவே லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் கண்ணைத் திறக்கிறபோதே அவனை வைதுகொண்டுதான் திறந்தார்கள்.

தங்கராஜு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவனுக்கு மனசுக்குள் வேறு ஓர் ஆசை இருந்தது. கங்காணி ஆகவேண்டும். பெரிய கங்காணி தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் கைத்தடியுமாக லயத்துப் பக்கம் வந்தால் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நிற்பான், நின்றவன் தோள் துண்டை இடுப்புக்கு இறக்குவான். ஊருக்குப் போய்க் கப்பல் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு வந்த மனுஷன் என்றால் சும்மாவா! தங்கராஜு வந்தாலோ லயத்து நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. அம்மைத் தழும்பு விழுந்த அவன் முகத்தைத் தடவிக்கொண்டு, 'இருங்கடா, எனக்கும் ஒரு காலம் வரும்' என்று நினைத்துக்கொள்வான்.

வந்தது. ஜப்பான்காரன் ரூபத்தில் வந்தது.

வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் காலையில் காபியைப் பாதி குடித்துவிட்டுக் காரில் ஏறிக் கம்பி நீட்டினான். பெரிய கங்காணி அவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனவர்தான், அப்புறம் ஆளையே காணோம். ரப்பர் வாங்க ஆளில்லை. பால் வெட்டில்லை, பெரட்டில்லை. சனங்கள் மரவள்ளிக்கிழங்கை நட்டு, மரவள்ளிக்கிழங்கைத் தின்று, மரவள்ளிக்கிழங்கு மாதிரியே வெளுத்துப் போனார்கள். துணிப் பஞ்சத்தில் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். தங்கராஜுவின் தண்டவாளம் துருப்பிடித்துத் தொங்கியது. எழுப்பத்தான் ஆளில்லையே! அவன் வயிறு மட்டும் தவறாமல் விடியுமுன் அவனை எழுப்பியது.

இப்படி இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ராமகிருஷ்ணன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். துரை ஓடின பிற்பாடு ஆபீஸ், ஸ்டோர், துரையின் நாற்காலி எல்லாம் அவர் கையில்தான். மாஸ்டர் என்று சனம் கூப்பிடும் ஜப்பான் அதிகாரிகளிடம் குனிகிற அளவுக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்துகொள்கிற ஆள்.

"தங்கராஜு, ஒனக்கு ஒரு உத்தியோகம் வந்துருக்குடா."

"மறுபடியும் தண்டவாளம் அடிக்கிறதாங்கய்யா?"

"இது தண்டவாளம் போடுறது. பயப்படாத, நீ போட வேணாம். சயாம்ல ஜப்பான்காரன் ரயில் பாத போடுறான். அதுக்குத் தோட்டந்தோட்டமா ஆள் கேக்குறான். சேத்துக் குடுக்குறது ஒன் வேல."

தங்கராஜு நெற்றியைச் சுருக்கினான். "ஆள் சேக்குறதுன்னா... கங்காணி வேல மாதிரிங்களா?"

மீன் தூண்டிலில் மாட்டிவிட்டது என்று கிராணிக்குத் தெரிந்துவிட்டது. இந்த வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அவரே லயம் லயமாக ஏறி இறங்கவேண்டும். ஏசுகிற வாயெல்லாம் அவரை ஏசும். "மாதிரி என்னடா மாதிரி! கங்காணியேதான். அவுங்க கப்பல்ல ஏத்துனாங்க, நீ ரயில்ல ஏத்தப் போற. கப்பலுக்கு ரயில் ஒசத்திலா!"

தங்கராஜுவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆள் சேர்க்கிறவனையும் அவன் வீட்டையும் சயாமுக்கு அனுப்பமாட்டார்கள் என்று கிராணி சொன்னது அவன் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. அப்போது அவன் தலையில் தலைப்பாகை ஏறிக்கொண்டிருந்தது.

சிரம்பானில் பயிற்சி கொடுத்தார்கள். ரெம்பாவ், மம்பாவ் பக்கமிருந்தெல்லாம் இவனைப் போலவே பளபளக்கிற கண்ணும் ஒட்டிய வயிறுமாகச் சிலர் வந்திருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான் மாஸ்டர் மேசைமேல் ஏறி நின்று, நரம்பு புடைக்க ரொம்ப நேரம் பேசினார். மொழிபெயர்ப்பவர் அதைக் கேட்டு முடித்துவிட்டு, "ஆள் கொண்டாங்கன்னு சொல்றாரு" என்றார். பிறகு எல்லோரையும் வெயிலில் நிறுத்தி, கையைத் தூக்கி, காலை அகட்டி, குதித்துக் குனியும் தேகப்பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் சேர்ப்பதற்கும் குதிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவன் கன்னம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கராஜு நன்றாகவே குதித்தான். கண்ணாடிக்காரர் அவனைச் சுட்டிக்காட்டி, "பாகுஸ்!" என்றார். நல்லது என்று மலாயில் அர்த்தம். பிறந்தது முதல் மேலே இருக்கிற ஒருத்தர் அவனைப் பார்த்து நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெள்ளைத் துணியில் சிவப்பாய் வட்டமும் ஏதோ எழுத்தும் போட்ட கைப்பட்டை ஒன்று கொடுத்தார்கள். டயர் இல்லாமல், ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கட்டின சைக்கிள் ஒன்றும் கொடுத்தார்கள். தடதடவென்று பல் ஆட வீடு வந்து சேர்ந்தவன், பெண்சாதி பஞ்சாலை முன்னால் கையை நீட்டிக் காட்டினான்.

"என்னா எழுதியிருக்கு?" என்றாள் பஞ்சாலை.

"அது ஒசந்த எழுத்து. நமக்குப் புரியாது."

"கையில கட்டுன துணிய எனக்கு இடுப்புல கட்டக் குடுத்துருந்தா புண்ணியமாப் போயிருக்கும். ஒரு முழம் சாக்குல எத்தன நாளுய்யா மானத்தக் காப்பாத்துறது?"

ஆனால் கூடவே கொடுத்தனுப்பிய அரிசியைப் பார்த்ததும் அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு பொங்கிய வாசம் லயம் முழுக்கச் சுற்றியது. அந்த வாசத்தைவிட நல்ல பேச்சாளன் வேண்டுமா? மறுநாள் தங்கராஜு வாயைத் திறக்குமுன்னே நாலு பேர் அவன் வாசலில் நின்றார்கள்.

"மூணு வேள சோறு" என்றான் தங்கராஜு. "கெழங்கு இல்லப்பா, சோறு!"

சனம் எச்சில் விழுங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வாயில் ருசி பிடித்துவிட்டது. அடுத்த லயத்தில் சோற்றோடு கருவாட்டையும் சேர்த்தான். அதற்கடுத்த லயத்தில் கருவாடு கோழிக்கறியாக மாறியது. வாரக் கடைசிக்குள் சயாமில் சீனி, புகையிலை, புதுச் சட்டை, புது வேட்டி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்துவிட்டன. சிரம்பானைத் தாண்டி அறியாத மனுஷன், சொந்த வீட்டுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான்.

"சயாம் எங்கடா இருக்கு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"கோலாலம்பூருக்கு அப்பால கொஞ்ச தூரம் பெரியப்பா. ரயில்ல ஒக்காந்து ஒரு தூக்கம் போட்டா வந்துரும்."

அவனே அதை நம்பினான் என்பதுதான் கேவலம். பொய் சொல்கிறவனுக்குக்கூட எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும். தான் சொல்வதைத் தானே நம்புகிறவனுக்கு நிறுத்துகிற இடமே கிடையாது.

முருகையா என்று ஒருவர். பால் வெட்டில் தோட்டத்திலேயே சுத்தமான கை. அதிகம் பேசமாட்டார். அவர் பெண்சாதி மங்கம்மாவுக்குக் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். மூன்று மாசம் போய்வந்தால் மருந்தோடு வரலாம் என்று தங்கராஜு சொன்னதைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அவரிடம் நல்ல சட்டை ஒன்று இருந்தது, கலியாணத்துக்குத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு புறப்படப் போனவரைத் தங்கராஜுதான் தடுத்தான்.

"எதுக்கு மாமா நல்ல சட்டைய வீணாக்குற? அங்கதான் புதுசு குடுக்குறாங்கள்ல? கழட்டி வச்சுட்டுப் போ, வந்து போட்டுக்கலாம்."

முருகையா சட்டையைக் கழற்றி மங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு லாரியில் ஏறினார். அவரோடு லாரி நிறைய ஆள். கிராணி தங்கராஜுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். கண்ணாடிக்காரர் இன்னொரு தடவை "பாகுஸ்" சொன்னார். அன்றைக்கு சாயங்காலம் தங்கராஜு ஒரு பழைய வேட்டித் துண்டைத் தலையில் சுற்றிப் பார்த்துக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாசம் ஆயிற்று. அப்புறம் இன்னும் கொஞ்ச நாளும் ஆயிற்று. போனவர்களிடமிருந்து ஒரு சேதி இல்லை. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தன் சயாமிலிருந்து தப்பி ஓடிவந்திருக்கிறானாம், வாயே திறக்கமாட்டேன் என்கிறானாம், யாராவது ஒரு கைப்பிடிச் சோற்றை முன்னால் வைத்தால் அழுகிறானாம் என்று பேச்சு வந்தது. அதற்குப் பிறகு தங்கராஜுவின் சைக்கிள் தடதடவென்று கேட்டாலே ஆம்பிளைகள் பின்கதவு வழியாக ரப்பர் காட்டுக்குள் பாய்ந்தார்கள். அவன் போய் நின்றால் லயத்தில் பொம்பளைகளும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள்.

மங்கம்மா மட்டும் ஓடவில்லை, ஒளியவில்லை. தினமும் எதிரே வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள். "தம்பி, எங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதாவது சேதி?"

"வருவாருக்கா. வேல முடியணும்ல?" என்பான். முதலில் நின்று சொன்னான். பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னான். கடைசியில் அவள் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போக ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது உத்தரவு வந்தது. கிராணி அவனை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிற ஆளே இல்லை. 

"இருவது ஆளு. வர்ற வெள்ளிக்கெழம மாஸ்டரே லாரியோட வர்றாரு."

"எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிர்றாங்கய்யா. எங்கேருந்து நான்..."

"நானும் அதத்தான் சொன்னேன். அதுக்கு அவரு, ஆள் இல்லன்னா இருக்குற ஆள ஏத்துறேன்னாரு." கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதச் சொல்லும்போது ஒன் பேரச் சொல்லித்தான் சொன்னாருடா."

தங்கராஜு எழுந்து வெளியே வந்தான். சைக்கிளில் ஏறக்கூடத் தோன்றவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தான். சயாமில் தானே வைத்த கோழிக்கறியும் புது வேட்டியும் அவன் கண்முன் வந்தன. அவற்றில் ஒன்றையாவது நம்ப முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை. 

இங்கே இப்படியிருக்க, கோயிலடியில் வேறொரு வேலை நடந்தது. லாரி வருகிற சேதி கேட்டு மங்கம்மா பூசாரி சன்னாசியைப் போய்ப் பார்த்தாள். ஆத்தாளுக்குத் திருவிழா எடுத்து இரண்டு வருஷம் ஆகிறதே, இந்த வாரமே காப்புக் கட்டினால் என்ன என்று கேட்டாள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஆத்தாளைத் தண்ணியில் விட்டு அந்த மஞ்சள் கயிற்றை அவிழ்க்கும்வரை கட்டினவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுகிறவன் எவனும் அந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. எல்லோர் கையிலும் காப்பு ஏறிவிட்டால் லாரிக்கு ஒருத்தனும் அகப்படமாட்டான் என்று அவள் போகிற போக்கு சன்னாசிக்கு உடனே புரிந்துவிட்டது. சாமியே இவள் வாயில் வந்து பேசுவதாக ஒரு கும்பிடும் போட்டார்.

ஒரே ஒரு தொல்லை. தங்கராஜு வெளியே போய் மாஸ்டரிடம் போட்டுக்கொடுத்துவிட்டால்? அவனையும் எல்லைக்குள் கட்டிப்போடவேண்டும். அதற்கும் வழக்கத்திலேயே இடம் இருந்தது. பூசாரிக்கு அடுத்து முதல் காப்புக் கங்காணிக்குத்தான்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சன்னாசியும் பெரியவர்களும் தங்கராஜுவின் வாசலுக்கு வந்து நின்றார்கள். முன்னால் வந்தவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தங்கராஜு அதைப் பார்த்துவிட்டான்.

"பெரிய கங்காணி போயிட்டாரு. இப்பத் தோட்டத்துக்குக் கங்காணின்னா நீங்கதானே" என்றார் சன்னாசி. "மொதக் காப்பு ஒங்களுக்குத்தான் கட்டணும். வந்து மருவாதய ஏத்துக்கணும்."

நீங்களாம்! இத்தனை நாளும் 'அடேய்' என்று கூப்பிட்ட வாய்! தங்கராஜுவுக்குக் கண் கலங்கிவிட்டது. லாரி, வெள்ளிக்கிழமை, இருபது ஆள் எல்லாம் ஒரு நிமிஷம் காற்றில் பறந்தன.

பஞ்சாலை உள்ளேயிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், ஒனக்கு இப்பத் திருழா ரொம்ப முக்கியமா? என்னமோ உள்குத்து இருக்குய்யா. நம்மளக் கண்டாலே காறித் துப்புற சனம், இன்னிக்குத் தாம்பாளத்தோட வருதாம்!"

"போடி. ஆள் அரும ஒனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டான் தங்கராஜு.

கோயிலில் பறை முழங்கியது. சன்னாசி ஆத்தாளுக்குக் கட்டினார், தனக்குக் கட்டிக்கொண்டார், பிறகு தங்கராஜுவைப் பேர் சொல்லி அழைத்தார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், கைப்பட்டை போட்ட கையையே நீட்டினான். மேலே ஜப்பான் பட்டை, கீழே ஆத்தாள் காப்பு. கூட்டம் குலவை போட்டது. குலவை அடங்குமுன்னே, காட்டிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து மணிக்கட்டை நீட்ட ஆரம்பித்தார்கள். கிழவன், குமரன், நொண்டி, ஒருத்தன் பாக்கியில்லை.

சன்னாசி வேப்பிலையை உயர்த்தினார். "காப்புக் கட்டியாச்சு! ஆத்தா தண்ணிக்குப் போற வரைக்கும் எல்லத் தோரணத்த எவனும் தாண்டப்படாது. தாண்டுனா அப்பறம் ஆத்தா பாடு, அவன் பாடு!"

அப்போதுதான் தங்கராஜுவுக்குச் சுரீரென்று உறைத்தது. திருவிழா முடிய இன்னும் ஒரு வாரத்துக்குமேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமையோ நாளன்றைக்கு. ஒருத்தனையும் லாரியில் ஏற்ற முடியாது. சிரம்பானுக்குப் போய்க் காலில் விழலாம் என்றால் தானும் தாண்ட முடியாது. அறுத்தெறியலாம் என்றாலோ, சின்ன வயசில் அம்மை போட்டுச் சாகக் கிடந்தவனை ஆத்தாள்தான் விட்டுவைத்தாள் என்று நம்புகிறவன் அவன். 

கிராணியிடம் ஓடினான். அவர் அவன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆத்தாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவுல நான் யாருலா? நீயே பேசிக்க."

வெள்ளிக்கிழமை வந்தது, லாரியும் வந்தது. மற்றத் தோட்டங்களில் ஏற்றிய ஆட்கள் ஏற்கெனவே பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கியோடு இரண்டு சோல்ஜர். கண்ணாடிக்காரர் முன்னாலிருந்து குதித்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார்.

தோட்டத்து வாசலில் குறுக்கே வேப்பிலைத் தோரணம். ஒவ்வொரு லயத்து நிலையிலும் வேப்பிலைக் கொத்து. எல்லைக்குள் திரண்டு நின்ற சனங்கள் எல்லோர் மேலும் மஞ்சள் தண்ணீர். முகம், கை, கால், கண்ணின் வெள்ளைகூட மஞ்சள் அடித்தாற்போல் இருந்தது. பிள்ளைகளின் கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளி புள்ளியாகக் குங்குமம். நடுவில் வள்ளியம்மா என்கிற பொம்பளைக்கு அருள் வந்து, முடியை விரித்துப்போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு உதற ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டு வேப்பிலையால் வீசினார்கள்.

கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயப்படமாட்டான். தொத்து வியாதி என்றால் அவனுக்கு ஈரக்குலை நடுங்கும்.

"சாக்கிட்?" என்று கிராணியைக் கேட்டார். நோயா என்று அர்த்தம்.

கிராணி வாயைத் திறந்தார். திருவிழா என்று சொல்லத்தான் திறந்தார். அப்புறம் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். "சாக்கிட், துவான். ரொம்ப சாக்கிட்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார். அவருக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். இத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அவர் கிழங்குத் தோட்டத்துக்கு யார் மண் வெட்டுவது?

மாஸ்டர் இரண்டடி பின்னால் போனார். அவர் பார்வை தோரணத்துக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் நின்ற தங்கராஜுவின் மேல் விழுந்தது. மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். முகத்துத் தழும்பைப் பார்த்தார். அதட்டலாக ஏதோ சொன்னார். ஒரு சோல்ஜர் நீளக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, கிட்டே வராமலே, தங்கராஜுவின் கைப்பட்டையைக் கம்பு நுனியால் நெம்பிக் கழற்றப் பார்த்தான். இன்னொருவன் நெருப்புப் பெட்டியை எடுத்தான்.

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தொத்து வியாதிக்காரன் போட்ட பட்டை, கொளுத்தப் போகிறார்கள். லாரி காலியாகத் திரும்பப் போகிறது. தங்கராஜு சும்மா நின்றிருந்தால் போதும். பட்டை போயிருக்கும், உயிர் நின்றிருக்கும். கூட்டத்தில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா நில்றா, சும்மா நில்றா" என்றுகூடச் சொன்னார்கள்.

அவன் நின்றானா? பட்டையில் கம்பு பட்டதும் அவனுக்கு வேறெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பட்டை போனால் அவன் யார்? மறுபடியும் தண்டவாளம் அடிக்கிறவன். அந்த வேலையும் இப்போது இல்லாதவன். நாய்கூடத் தலை தூக்காத தங்கராஜு.

"திடா சாக்கிட், துவான்!" என்று அலறினான். "சாயா திடா சாக்கிட்! எனக்கு ஒண்ணுமில்ல! நான் நல்லாருக்கேன்!"

அலறிக்கொண்டே காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தான். கயிறு அறுந்தது. கூட்டம் "ஐயோ!" என்றது. குனிந்து தோரணத்துக்கு அடியில் நுழைந்து எல்லையைத் தாண்டி ஓடி, மாஸ்டர் முன்னால் நின்று, சட்டையைக் கழற்றிவிட்டு, சிரம்பானில் கற்ற தேகப்பயிற்சியைச் செய்ய ஆரம்பித்தான். கையைத் தூக்கினான், காலை அகட்டினான், குதித்தான், குனிந்தான். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. வியர்வையில் மஞ்சள் கரைந்து வழிந்து, கீழே நல்ல கறுத்த தோல் தெரிந்தது.

அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து 'இது திருவிழா, யாருக்கும் நோயில்லை' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் தோட்டமே லாரி ஏறியிருக்கும். வரவில்லை. தன்னைத் தவிர இன்னொருத்தர் நினைப்பு தங்கராஜுவுக்கு அப்போது வரவேயில்லை. அவன் சுயநலம் அன்றைக்கு ஒரு தோட்டத்துச் சனத்தைக் காப்பாற்றியது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஆத்தாளே திணறியிருப்பாள்.

மாஸ்டர் கைக்குட்டையை இறக்கினார். அவனைச் சுற்றி வந்தார். புஜத்தை அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாகுஸ்!" என்றார்.

தங்கராஜு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே லாரியைக் காட்டினார். இவ்வளவு பெரிய தோட்டத்தில் அகப்பட்ட ஒரே ஆரோக்கியமான ஆள்! சோல்ஜர்கள் அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி லாரியில் போட்டார்கள். கைப்பட்டையை யாரும் கழற்றவில்லை.

"துவான்... நான் ஆள் சேக்குறவன் துவான்! கிராணியய்யா, சொல்லுங்கய்யா! நான் கங்காணிய்யா!"

கிராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஞ்சாலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். தோரணத்தடியில் அவள் கால் நின்றுவிட்டது. அவள் மணிக்கட்டிலும் காப்பு இருந்தது. "யோவ்! எனக்கு வேற யாருய்யா இருக்கா?" என்று மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவனை மாட்டிவைக்கத் திட்டம் போட்டவர்கள்தான் அத்தனை பேரும். ஆனாலும் ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. எல்லைக்குள் கட்டிப்போடத்தான் நினைத்தார்கள், லாரியில் ஏற்ற நினைக்கவில்லை. சன்னாசி அறுந்து கிடந்த காப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லாரி உறுமியபோது மங்கம்மா தோரணம் வரைக்கும் ஓடி வந்தாள். கையில் சுருட்டிய துணி. அதை லாரிக்குள் வீசினாள். தங்கராஜுவின் மடியில் வந்து விழுந்தது. முருகையாவின் கலியாணச் சட்டை.

"தம்பி, அவரப் பாத்தாக் குடுத்துரு!" என்று கத்தினாள். வைகிற குரலில்லை, ஊருக்குப் போகிற ஆளிடம் சாமான் கொடுத்தனுப்புகிறவளின் குரல். "புதுசு குடுத்துருப்பாங்கன்னு சொன்ன, இருந்தாலும் இது அவருக்குன்னு தச்சது. சீக்கிரம் வரச் சொல்லு. எனக்குக் காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்லு."

'வருவாருக்கா' என்று சொல்லத் தங்கராஜு வாயெடுத்தான். எத்தனையோ தடவை சொன்னதுதான். வரவில்லை. லாரி திரும்பியது, தோரணமும் மஞ்சள் முகங்களும் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மறைந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ரெம்பாவ் பக்கத்து ஆள். சாக்குத் துணி கட்டியிருந்தான், விலா எலும்பு எண்ணலாம். தங்கராஜுவின் கைப்பட்டையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு வந்தவன், கடைசியில் துணிந்து கேட்டான்.

"அண்ணே, நீங்க ஆள் சேக்குறவருதானே? எங்க தோட்டத்துக்கு வந்தவரும் இதே பட்டதான் போட்டுருந்தாரு. அங்க மூணு வேளையும் சோறு போடுவாங்கன்னாரே, நெசந்தானாண்ணே?"

லாரியில் இருந்த அத்தனை பேரும் தங்கராஜுவின் வாயைப் பார்த்தார்கள். அவன் மணிக்கட்டில் காப்பு இருந்த இடத்தில் மஞ்சள் கறை வளையமாக ஒட்டியிருந்தது. அதை முருகையாவின் சட்டையால் மூடிக்கொண்டான்.

"தெரியலப்பா" என்றான்.